பாராமிக்கோவில் கோப்பு ஏற்றும்போது பெயரைக் கடைசியில் மாற்றுங்கள்

பைத்தானிலிருந்து சர்வருக்குக் கோப்பு அனுப்ப நான் தினமும் பயன்படுத்துவது பாராமிக்கோ என்ற லைப்ரரி. 22-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பைத் திறந்து, அதன்மேல் கோப்பு அனுப்பும் முறையான எஸ்எஃப்டிபியைத் தொடங்கினால் சரி. கோப்பை ஏற்றும் 'புட்' கட்டளையை அழைக்கும்போது சேரும் இடமாக ஃபோல்டரை மட்டும் கொடுக்காதீர்கள், கோப்பின் பெயரும் வேண்டும்.

ஒருநாள் இரவு இணைப்பு நடுவில் அறுந்துபோய், பாதி மட்டும் ஏறியிருந்த விலைப்பட்டியலை பில்லிங் புரோகிராம் அப்படியே படித்துவிட்டது. காலையில் கடைக்காரர்கள் போன்மேல் போன். அன்றிலிருந்து முதலில் 'விலை.பார்ட்' என்று ஏற்றுகிறேன். முழுதாகச் சேர்ந்த பிறகுதான் உண்மைப் பெயர். பெயர் மாற்றும் வெறும் 'ரீநேம்' கட்டளை, அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருள் ஓடும் சர்வரில் 'போசிக்ஸ்_ரீநேம்' போடுங்கள், பழையதன் இடத்தில் புதியது ஒரே நொடியில் உட்கார்ந்துவிடும்.

அப்புறம், பாராமிக்கோவின் 'ஆட்டோஆட்பாலிசி' அமைப்பு வேண்டவே வேண்டாம். முன்பின் தெரியாத சர்வரின் அடையாளச் சாவியையும் கேட்காமல் நம்பிவிடும்.