தட்டு மேசையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்

நான் பிரிட்டனுக்கு வந்த முதல் வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவரை நல்ல ரெஸ்டாரண்ட் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு வந்த சூப் ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். சரியாக அந்த நேரத்தில் வெயிட்டர் வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். "வெரி நைஸ், தேங்க் யூ" என்றேன். அவர் நகர்ந்ததும் அம்மா கேட்டார்: "அவரே வந்து கேட்டாரே. ஆறிப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருந்தது. அதையும் கட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். சாப்பாடு வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் வெயிட்டர் வந்து கேட்கிற அந்தக் கேள்வியை நாம் பலரும் "சாப்பிட்டீங்களா?" மாதிரி ஓர் உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிடுகிறோம். அவர் கேட்பது குறை இருந்தால் தெரிந்துகொண்டு உடனே சரிசெய்யத்தான். அப்போது சொன்னால் தட்டை எடுத்துப்போய்ச் சூடாக்கியோ புதிதாகச் செய்தோ கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, பில் வந்த பிறகு சொன்னால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் எடுபடுவது கஷ்டம். காலியான தட்டைக் காட்டி சூப் ஆறியிருந்தது என்று எப்படி நிரூபிப்பது?

எப்படிச் சொல்வது? சுருக்கமாக, ஒரே ஒரு குறை, ஒரே ஒரு வேண்டுகோள். "சாரி, இந்த சூப் ஆறியிருக்கிறது, சூடாக வேறு கொடுக்க முடியுமா?" அவ்வளவுதான். "சாரி" என்று தொடங்குவதால் நீங்கள் மன்னிப்புக் கேட்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள், இங்கே பேச்சைத் தொடங்குகிற முறையே அதுதான். வெயிட்டரைக் கூப்பிடும்போது விரலைச் சொடுக்குவதும், தூரத்திலிருந்து சத்தமாகக் கூப்பிடுவதும் இங்கே பெரிய அவமரியாதை. கண்ணைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினால் போதும். எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதீர்கள். குரல் உயர்ந்த நொடியில் பேச்சு ஆறிய சூப்பை விட்டுவிட்டு உங்கள் நடத்தைக்குத் தாவிவிடும். பரிமாறுகிறவர் பெரும்பாலும் சமைத்தவர் அல்ல, படித்துக்கொண்டே பகுதி நேரமாக வேலை செய்கிற மாணவராகக்கூட இருக்கலாம். அவரால் முடியாது என்று தெரிந்தால், மேனேஜரிடம் பேசலாமா என்று கேளுங்கள். அது மிரட்டல் ஆகாது. பில்லில் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் மேனேஜரிடம்தான் இருக்கும்.

ஆனால் குறை சொல்வதற்கு முன், அது குறைதானா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, யாரும் வந்து கேட்கவில்லையே என்று அரை மணி நேரம் வருத்தப்பட்ட நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். பல பப்களில் நாமே எழுந்துபோய் கவுண்டரில் ஆர்டர் கொடுத்து, மேசை எண்ணைச் சொல்லி, அங்கேயே பணமும் கட்டிவிட வேண்டும். ரெஸ்டாரண்ட் வாசலில் காத்திருக்கும்படி பலகை இருந்தால், உள்ளே பத்து மேசை காலியாக இருந்தாலும் அவர்கள் வந்து உட்காரவைக்கும்வரை நிற்க வேண்டும். பில்லும் அப்படித்தான், நாம் கேட்காமல் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் தானாக வராவிட்டால் "டாப் வாட்டர்", அதாவது குழாய்த் தண்ணீர், என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வெறும் தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பில்லில் சேர்த்துவிடலாம். மது விற்க உரிமம் உள்ள இடங்களில், கேட்டால் குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

அப்புறம் அந்த சர்வீஸ் சார்ஜ். பல ரெஸ்டாரண்ட்களில், குறிப்பாக லண்டனில், 12.5 சதவீதம் தானாகவே பில்லில் ஏறியிருக்கும். சில இடங்களில் 15 சதவீதம்கூட உண்டு. பக்கத்தில் "ஆப்ஷனல்" என்றோ "டிஸ்கிரிஷனரி" என்றோ போட்டிருந்தால், கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம். எடுத்துவிடச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. கார்டு மெஷினை நீட்டும்போது அவசரப்படாமல் பில்லை ஒருமுறை படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்க, மெஷின் மறுபடியும் டிப்ஸ் கேட்கும் இடங்கள் உண்டு. அங்கே தயங்காமல் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

எடுத்துவிடச் சொல்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதுமாக ஊழியர்களுக்கே போக வேண்டும், முதலாளி அதில் கைவைக்க முடியாது. அதனால் சமையலறை சொதப்பியும் பரிமாறியவர் ஓடி ஓடிக் கவனித்திருந்தால், சாப்பாட்டு விலையில் குறைக்கச் சொல்லிவிட்டு சர்வீஸ் சார்ஜைக் கட்டுவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். பரிமாறியவரே முகம் கொடுக்கவில்லை என்றால் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான அக்கறையோடும் திறமையோடும் தர வேண்டும், பொருள் சொன்னபடி இருக்க வேண்டும். சைவம் என்று மெனுவில் போட்ட உணவில் இறைச்சி இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்து அதற்குப் பணம் தரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் கோபத்தில் பணம் கட்டாமல் எழுந்து வெளியே போய்விடாதீர்கள். வேண்டுமென்றே பணம் தராமல் நழுவுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1978ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். விசாவில் இருக்கிற ஒருவர் இந்த வம்பில் மாட்டவே கூடாது. மேனேஜரோடு உடன்பாடு வரவில்லை என்றால், சரியாக இருந்த உணவுக்கு மட்டும் பணம் கட்டி, ஏன் குறைத்தீர்கள் என்பதையும் உங்கள் பெயர், முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். வாக்குவாதத்துக்கு மனம் இடம் கொடுக்கவில்லையா? முழுத்தொகையையும் கட்டுங்கள், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று பில்லிலேயே எழுதி அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அன்று இரவே தேதி, நேரம், சாப்பிட்டது, நடந்தது எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடம் கேட்கலாம், ஆலோசனை இலவசம்.

தயவுதாட்சண்யமே காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஒவ்வாமை. எங்கள் நண்பரின் மகனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை சேர்ந்து சாப்பிடப் போனபோது, அந்தச் சாஸில் முந்திரி இருக்கிறதா என்று அவர் கேட்டார். பரிமாறிய பெண் "இருக்காது என்று நினைக்கிறேன்" என்றார். நண்பர் புன்னகை மாறாமல், "நினைக்கிறேன் என்பது எனக்குப் போதாது, தயவுசெய்து சமையலறையில் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலோடு வந்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனார், அந்தச் சாஸின் வரியில் விரல் நின்றது. முந்திரி இருந்தது. பையன் எதிரில் உட்கார்ந்து பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்தான்.

பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், கடுகு, மீன், சோயா உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்கள் தந்தே ஆக வேண்டும். அங்கேயே செய்து, நீங்கள் எடுப்பதற்கு முன்பே பொட்டலம் கட்டி வைத்து விற்கிற சாண்ட்விச் மாதிரியானவற்றின் மேல் 2021 அக்டோபர் முதல் முழுப் பொருள் பட்டியலும் ஒட்டியிருக்க வேண்டும். கேட்டதற்கு ஒரு கடையில் சலித்துக்கொண்டால், ஒன்றும் சாப்பிடாமல் எழுந்துவிடுங்கள்.

சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனாலோ, சுத்தமின்மையைக் கண்ணால் பார்த்தாலோ, அந்தப் பகுதி கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி அமைப்பின், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். போவதற்கு முன்பே 0 முதல் 5 வரையிலான சுகாதார மதிப்பீட்டை ஆன்லைனில் பார்த்துவிடுவது நல்லது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதைக் கடையில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஸ்காட்லாந்தில் எண்ணுக்குப் பதிலாகத் தேர்ச்சி அல்லது முன்னேற்றம் தேவை என்று இருக்கும்.

இனி, நம்மில் பலர் வெளியே சொல்லாத ஒன்று. நமக்குப் பிறகு வந்தவர்களுக்கு முதலில் பரிமாறுகிறார்கள், மேசை காலியாக இருந்தும் இல்லை என்கிறார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் இப்படியா என்ற எண்ணம் வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. முதலில் நேரடியாகக் கேளுங்கள்: "நாங்கள் அவர்களுக்கு முன்பே வந்தோம், எங்கள் ஆர்டர் என்ன ஆனது?" சில நேரம் ஆர்டர் சீட்டு தவறிப்போயிருக்கும், மன்னிப்புக் கேட்டு ஓடிவருவார்கள். பதிலில் சமாதானம் ஆகவில்லை என்றால் நேரத்தையும், யார் என்ன சொன்னார்கள் என்பதையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், கூட இருந்தவர்களையும் எழுதச் சொல்லுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனத்தின் பேரில் சேவையை மறுப்பதையும் மட்டமாகத் தருவதையும் தடை செய்கிறது. ஈக்வாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்வீஸ் என்ற உதவி மையம் இலவசமாக வழிகாட்டும். நீதிமன்றம் போவதானால் சம்பவம் நடந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஒரு நாள் முன்னதாகவே, வழக்குத் தொடுக்க வேண்டும். அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை அம்மா வந்தபோது வேறொரு இடத்துக்குப் போனோம். அன்று உருளைக்கிழங்கு உள்ளே வேகாமல் இருந்தது. வெயிட்டர் வந்து கேட்டதும் நான் சொன்னேன். தட்டை எடுத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் புதிதாகக் கொண்டுவந்தார், பில்லில் அதற்குக் காசும் போடவில்லை. அம்மா சர்வீஸ் சார்ஜைக் காட்டி, "இதைக் கட்டிடுப்பா, அந்தப் பிள்ளை நல்லா கவனிச்சுது" என்றார்.