சீனியின் தட்டில் பச்சைக்கறி

நாலு மாதக் குட்டியாக இருந்தபோது எங்கள் நாய் சீனி ஒரு நாள் காலையில் சாக்கை விட்டு எழுந்திருக்க யோசித்தாள். வழக்கமாக நான் கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே பாய்ந்து வருகிறவள். அன்றைக்கு முன்னங்கால்களை ஊன்றியபோது பாதம் வாத்துக் கால் மாதிரி விரிந்து தரையோடு தட்டையாகப் படிந்தது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பும் அதைச் சுற்றியிருந்த சதையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம்.

"என்னம்மா போடுறீங்க?"

"நல்ல நெஞ்சுக்கறி சார். எலும்பே இல்லாம, பச்சையா, ஒரு நாளைக்கு முக்கால் கிலோ" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதான்" என்றார்.

எலும்பில்லாத கறியில் கால்சியத்தைப் போல பத்து மடங்கு, சில கறியில் இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கோ பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள் வேண்டும். சாப்பாட்டில் வராததை உடம்பு சும்மா விடாது, எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். ரத்தத்தைப் பரிசோதித்தால் கால்சியம் சரியாகவே காட்டும், எலும்பு மட்டும் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். இரண்டு மாதம் படி ஏறவிடாமல், தாவவிடாமல், திண்ணையில் ஒரு மூலையை மறித்துக் கட்டி வைத்திருந்தோம். குதித்தால் எலும்பு முறிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமே என்ற பயத்தில் செய்த காரியம் அது. அதற்குப் பிறகுதான் எழுதி, நிறுத்து, கணக்குப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

சீனி ராஜபாளையம், பெண். வளர்ந்தால் 25 கிலோவுக்குப் பக்கம் வரும் சாதி. எங்கள் வீடு திருமங்கலத்தில். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முட்டை கூட ஆகாது. அப்படிப்பட்ட வீட்டில் எதற்குப் பச்சைக்கறி என்று கேட்டால், சீனி கடைத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள், தெருமுனையில் கோழிக்கடை இருக்கிறது, அவ்வளவுதான். பச்சைக்கறி தின்றால் நோயே வராது, ஆயுள் கூடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்துவிட்டது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள்தான் முக்கியக் காரணம். நாய் நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் வாயிலிருந்தும் கழிவிலிருந்தும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய் மருந்து எடுப்பவரோ இருந்தால் பச்சைக்கறிப் பேச்சே வேண்டாம். வேகவைத்துக் கொடுக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்த முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். சீனி 45 நாள் குட்டியாக வந்தாள்; வளர்த்தவர் வீட்டில் கேழ்வரகுக் கூழும் பாலும் கொடுத்திருந்தார்கள். அதையே கொடுத்தேன். முதல் தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, கழிவு கெட்டியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் கறி. தடுப்பூசிகள் 16 வாரம் வரை தவணை தவணையாகப் போகும். அந்த இடைவெளியில் குட்டிக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால், 'கறி மாற்றினோம், அதான்' என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் அந்த இரண்டு நாளிலேயே குட்டி போய்விடும். சுருண்டு படுத்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது அளவு. இரண்டிலிருந்து மூன்று மாதம் வரை குட்டியின் எடையில் 8 முதல் 10 சதவீதம், நான்கு வேளையாக. நாலு மாதத்திலிருந்து ஆறு வரை 6 முதல் 8 சதவீதம், மூன்று வேளை. அதற்குப் பிறகு படிப்படியாக இறங்கி, ஒரு வயதுக்கு மேல் இரண்டரை சதவீதம் பக்கம் நிற்கும். இது ஆரம்பப் புள்ளிதான், குட்டிக்குக் குட்டி மாறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவேன், பிறகு நான் மட்டும் ஏறுவேன். வித்தியாசம் அவள் எடை. (என் எடையும் வாராவாரம் தெரிந்துபோனது வேறு கதை.) விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பெரிய சாதிக் குட்டியைக் கொழுக்க வைத்து வேகமாக வளர்த்தால் மூட்டுதான் கெடும். சொந்தக்காரர்கள் வந்து "பட்டினி போடுறியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

தட்டில் என்னென்ன? சீனி பத்து வாரத்தில் 5 கிலோ இருந்தாள். அப்படியானால் நாளைக்கு அரைக் கிலோ. சரியாகப் பிரித்தால் இப்படி வரும்: தோலோடு கோழிக் கழுத்து 150 கிராம், சதைக்கறி 300 கிராம், ஈரல் 25 கிராம், வேறு உள்ளுறுப்பு 25 கிராம். தோலோடு உள்ள கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு. ஆக, 500 கிராமில் எலும்பு 50, 60 கிராம் வந்துவிடும். மொத்தத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் எலும்பு, அதுதான் நமக்கு வேண்டியது. கோழிப் பாதத்தில் பாதிக்கு மேல் எலும்பு என்பதால், அதைப் போடும் நாளில் கழுத்தைக் குறைத்துவிடுவேன்.

கணக்கு சரியா என்று மறுநாள் காலையில் கொல்லையில் தெரிந்துவிடும். கழிவு சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, தொட்டால் உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகியிருந்தால் உள்ளுறுப்பு அதிகம். ஈரல் விலை குறைவு என்று அள்ளிப் போடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ குவிந்திருக்கிறது, மாதக்கணக்கில் மிஞ்சினால் அதுவும் எலும்பைத்தான் கெடுக்கும்.

எங்கள் தெருவில் ஒருவர் சீனி நொண்டியதைப் பார்த்துவிட்டு, தன் குட்டிக்குக் கால்சியம் டானிக்கை இரண்டு மடங்காக ஊற்ற ஆரம்பித்தார். தடுத்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. வருவதில் நிறைய உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய சாதிக் குட்டிகளுக்கு அதனாலும் எலும்பும் மூட்டும் கோணிப்போகும். எலும்போடு கறி போடுகிறவர் டானிக் பக்கமே போகக் கூடாது.

கடைக்கு வருவோம். கோழிக்கடையில் "நாய்க்கு" என்று வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் மூலையில் இருக்கும் நீல டிரம்முக்குள் கை போகும். நேற்றைய தோல், குடல், தலை எல்லாம் ஈ மொய்க்க அதில்தான் கிடக்கும். மனுஷருக்கு வாங்குவது போலவே வாங்குங்கள். காலை ஆறரை மணிக்கு, முதல் கோழிகள் வெட்டும்போது போய் நிற்பேன். "கழுத்து ஒரு கிலோ, தோல் எடுக்க வேணாம், கொத்துக்கறி மாதிரி எலும்போட கொத்திக் குடுங்கண்ணே." ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டால் அடிக்க வருவார். புரட்டாசியில் கேட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாகக் கொத்தி, இரண்டு ஈரலும் சேர்த்துப் போடுவார்.

மூன்று மாதம் வரை கொத்தியதுதான். அதற்கு மேல் முழுக் கழுத்தைக் கொடுக்கலாம், ஆனால் ஒரு முனையை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் முதல் தடவை பிடிக்காமல் விட்டேன். சீனி அதைப் பாம்பு எலி விழுங்குவது போல விழுங்கினாள். ஐந்து நிமிஷத்தில் துளசி மாடத்துக்கு முன்னால், அத்தை போட்டிருந்த கோலத்தின் நட்டநடுவில், அப்படியே முழுசாகக் கக்கினாள். அத்தை செம்பும் கையுமாக நின்றார். சீனி அவரை ஒரு பார்வை பார்த்தாள், கழுத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கடித்துத் தின்றாள். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இடுக்கியில் பிடித்தால் கடைவாயால் கடித்து நொறுக்கக் கற்றுக்கொள்ளும். பத்து நாளில் பழகிவிடும். தனியாக விட்டுவிட்டு உள்ளே போகவே கூடாது.

ஆட்டு நல்லி எலும்பு வேண்டாம், பல் உடையும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் 28 பால்பல்லும் விழுந்து 42 புதுப் பல் முளைக்கிற நேரம் வேறு. வெந்த எலும்பு எந்த வயதிலும் கூடாது. பச்சை எலும்பு நொறுங்கும், வெந்தது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணி தின்றுவிட்டு எலும்பை நீட்டும் விருந்தாளிகள்மீது ஒரு கண் இருக்கட்டும்.

கோழியை மட்டுமே நம்பினால் துத்தநாகம் போதாது, அதனால் வாரத்தில் மூன்று நாள் சிவப்புக் கறி சேர்ப்பேன். மாட்டுக்கறிதான் மலிவு, நல்லதும்கூட; எங்கள் வீட்டில் அது நடக்காது, ஆட்டு இதயம் வாங்குகிறேன். உள்ளுறுப்பில் கிட்னியும், மண்ணீரலும். மண்ணீரலைக் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். ஆட்டின் எந்த உறுப்பையும் நான் பச்சையாகக் கொடுப்பதில்லை. ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர் கோத்த கொப்புளம் போலக் கட்டிகள் இருக்கும். ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம் அதற்குள்தான் இருக்கிறது. நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளரும், முட்டை கழிவில் வெளியேறும், குட்டியைக் கொஞ்சுகிற பிள்ளையின் கை வழியாக நம் வயிற்றுக்குள் போகும். பிறகு நம் ஈரலிலும் அதே கட்டி. அதனால் கொப்புளம் உள்ளதை வாங்கவே மாட்டேன், இல்லாததையும் நன்றாக வேகவைத்துவிடுவேன். பூச்சி மாத்திரையில் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். எல்லா மாத்திரையும் நாடாப்புழுவைக் கொல்லாது. பன்றிக்கறி பச்சையாக வேண்டவே வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் மத்தி மீன், குக்கரில் முள் குழையும் வரை வேகவைத்து. பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வெந்தால் போய்விடும். முட்டை வாரம் மூன்று. வெங்காயம், பூண்டு, திராட்சை எதுவும் தட்டுப் பக்கம் வரக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஏதாவது ஒன்று குறையத்தான் செய்யும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் வீட்டில் செய்யும் நாய் உணவுக் குறிப்புகள் 200-ஐ அலசியபோது, 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்தது. அவை வளர்ந்த நாய்களுக்கான குறிப்புகள்! ஆகவே உங்கள் தாளை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். என் தாளைப் பார்த்துவிட்டு அவர் அயோடினும் வைட்டமின் ஈ-யும் எழுதிக் கொடுத்தார்.

சுத்தம் விஷயத்தில் அத்தைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சமையலறைக்குள் கறி வரக் கூடாது என்று அவர் போட்ட நிபந்தனையால் எல்லாமே கொல்லைப்புறம் போனது: பழைய ஃபிரிட்ஜ், தனிக் கத்தி, தனிப் பலகை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாய். மூன்று நாளுக்கான கறியை வேளை வேளையாக டப்பாவில் பிரித்து உறைய வைப்பேன். உறைந்தால் சால்மொனெல்லா செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், தூங்கும், அவ்வளவுதான். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் இளகியிருக்கும். குழாயடியில் கோழியைக் கழுவுவதில்லை, தெறிக்கும் தண்ணீரில்தான் கிருமி பரவும். நம்மூர் வெயிலில் இருபது நிமிஷத்துக்கு மேல் தட்டை விட்டு வைக்காதீர்கள். மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட்டுச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்கள். மின்சாரம் அரை நாள் போய்க் கறி இளகிவிட்டால், எலும்பில்லாததை வேகவைத்துவிடுங்கள், கழுத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சீனிக்கு ஏழு மாதம் ஆனபோது நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அன்றைக்கே பச்சைக்கறியை நிறுத்தினேன். மூன்று மாதம் எலும்பில்லாத கறியைக் குக்கரில் போட்டு, எலும்புக்குப் பதில் முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். ஓர் ஓடு சுமார் 5 கிராம் இருக்கும், அதில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம். அரைக் கிலோ கறிக்கு ஓர் ஓட்டின் பொடி போட்டேன். ஆனால் எலும்பில் உள்ள பாஸ்பரஸ் ஓட்டில் இல்லை. மாதக்கணக்கில் இதையே கொடுப்பதானால் அந்தக் கணக்கையும் மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடருங்கள்.

இப்போது சீனிக்குப் பதினான்கு மாதம், 24 கிலோ, இரண்டு வேளை, நாளைக்கு 600 கிராம். போன மாதம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது ஏன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மத்தியானம் நான் வேலைக்குப் போனதும் அத்தை தயிர்சாதம் உருட்டிப் போடுகிறாராம். இப்போது அந்த இரண்டு உருண்டையும் என் தாளில் ஏறிவிட்டது. ராத்திரிக் கறியில் 80 கிராம் குறைத்துவிட்டேன்.