வளவே இல்லாத வீட்டுக்கும் பிழையில்லை என்று பதில் வந்தால்

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பை வரைவதற்கென்றே ஒரு காட்சிமொழியை (எழுத்துக்குப் பதில் குறிகளை வைத்து வரையும் கணினி மொழியை), காரைக்குடியில் மாணவர்கள் சிலருடன் சேர்ந்து உருவாக்கினோம். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சூழ்ந்த பகுதியும்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த பகுதி), அறை, நிலைவாசல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. மொழியின் இலக்கணம், அதாவது எதனுள் எது, எத்தனை இருக்கலாம் என்பது, எக்லிப்ஸின் ஈஎம்எஃப் (EMF) என்ற மாதிரியாக்கச் சட்டகத்தில்; படம், அதன்மேல் இயங்கும் சிரியஸ் (Sirius) என்ற வரைகருவியில்; விதிகள், ஓசிஎல் (OCL) என்ற விதி எழுதும் மொழியில். முதல் சோதனைக்கு முகப்பை மட்டும் வரைந்து சரிபார்த்தோம். பிழையே இல்லை என்று பதில் வந்தது.

குற்றம் நாங்கள் எழுதிய விதியில் இருந்தது. 'வீட்டின் அறைகள் எல்லாவற்றுக்கும் வாசல் உண்டு' என்று ஓசிஎல்லின் ஃபார்ஆல் (forAll, 'எல்லாவற்றுக்கும்') கொண்டு எழுதியிருந்தோம். அறையே இல்லாத வீட்டில் அந்த விதியை மீற ஒன்றும் இல்லாததால், விடை 'மெய்' என்றே வரும். தர்க்கப்படி அது சரி. நாம் கேட்க நினைத்த கேள்விதான் வேறு. 'குறைந்தது ஒரு வளவாவது வேண்டும்', 'ஓர் அறையாவது வேண்டும்' என்பவற்றை இலக்கணத்திலேயே கீழெல்லை (குறைந்தபட்ச எண்ணிக்கை) 1 என்று குறிக்க வேண்டும். ஃபார்ஆல் எழுதும்போதெல்லாம், தொகுப்பு காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

இதைவிட அதிகம் பேரைத் தடுமாற வைப்பது, விதியை எப்போது சோதிப்பது என்பது. வாசலில்லாத அறை கூடாது என்பதை ஒவ்வொரு அசைவிலும் சோதித்தால் யாராலும் வரையவே முடியாது. அறை இருந்தால்தான் வாசல் வைக்கலாம்; வாசல் இல்லாத அறையையோ கருவி ஏற்காது. வரைபவர் பாதி வேலையில் இருப்பவர் என்பதை மறக்கவே கூடாது. ஓர் அறைக்குள் முகப்பைப் போடுவது போன்ற நடக்கவே முடியாதவற்றை உடனே தடுக்கலாம். முடியாமல் நிற்பவற்றைச் சேமிக்கும்போதோ, வரைபவர் கேட்கும்போதோ சொன்னால் போதும். ஈஎம்எஃப் சரிபார்ப்புச் சட்டகத்தில் இந்த இரு வகைக்கும் இடமிருக்கிறது.

விதியைப் படத்தின் அடுக்கில் மட்டும் வைப்பதும் ஆபத்து. சிரியஸில் குறியை வைக்கும் கருவிக்கு முன்நிபந்தனை போடலாம். ஆனால் அதே கோப்பை மரவடிவத் தொகுப்பியில் (படமின்றிக் கிளைப்பட்டியலாகக் காட்டும் திருத்தியில்) திறந்து மாற்றினால் அந்தக் காவல் அங்கே இராது. குறியின் இடமும் அளவும் படத்துக்கான தனிக் கோப்பில் இருக்கின்றன; இலக்கணத்தின்மேல் எழுதும் விதிக்கு அவை தெரியா. வளவுக்கு மேற்கே இரண்டாம் கட்டு என்பது விதிக்குத் தேவையானால், திசையை இலக்கணத்தில் ஒரு பண்பாகவே வையுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த தவறு வேறு. மணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், வளவை ஒட்டி ஓர் அறை என்பது பழைய வழக்கம். அதைப் பார்த்து 'ஓர் அறைக்கு ஒரு புள்ளி' என்று மேலெல்லையை 1 ஆக்கினோம். இன்றோ ஒரே அறை பல பங்காளிகளுக்குச் சேர்ந்திருக்கிறது. கண்ணெதிரே நிற்கும் வீட்டைப் பிழை என்று சொல்லும் மொழியை யார் பயன்படுத்துவார்? வழக்கத்தை எச்சரிக்கையாக வைக்கலாம். பிழையாக வைக்கக் கூடாது. வரையும் மாணவரை உட்காரவைத்து உண்மையான பத்துப் பதினைந்து வீடுகளை வரையச் சொன்னால், எந்த விதி வழக்கம், எந்த விதி கட்டாயம் என்பது தெரிந்துவிடும்.

செய்திகளையும் அப்போதே மாற்றினோம். 'விதி 7 மீறப்பட்டது' என்றிருந்த இடத்தில் இப்போது 'வளவின் வடபக்கத்து இரண்டாவது அறைக்கு வாசல் வரையவில்லை' என்று வருகிறது; அந்த அறையும் படத்தில் சிவந்து நிற்கிறது.