கிரீன் கார்டு மனுவில் மொழிபெயர்ப்புச் செலவைத் தவிர்க்க

திருமணத்தின் அடிப்படையில் அமெரிக்க கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், தமிழில் மட்டும் உள்ள திருமணச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ ஆங்கிலமாக்கக் கட்டணம் வாங்கும் நிறுவனத்தை நாட வேண்டியதில்லை. இரு மொழிகளையும் நன்கறிந்த நண்பர் ஒருவரே அதைச் செய்து தரலாம்.

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் விதி, மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது என்றும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் திறன் தமக்கு உண்டு என்றும் மொழிபெயர்த்தவர் எழுதித் தரும் உறுதிமொழியைத்தான் கேட்கிறது. நோட்டரி முத்திரையைக் கேட்கவில்லை. அந்த உறுதிமொழியின் கீழ் அவர் கையொப்பமிட்டு, பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைக் குறித்து, மூலச் சான்றிதழின் நகலோடு சேர்த்து அனுப்புங்கள். முத்திரையில் உள்ள வாசகம், ஓரக் குறிப்பு, பின்பக்கத்துப் பதிவு என எதையும் விட்டுவிடக் கூடாது. சுருக்கமாக எழுதியனுப்பினால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்து, மனு தேவையின்றித் தாமதமாகும். பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலின்படியே எழுதச் சொல்லுங்கள். இதில்தான் பலரும் கவனம் தவறுகிறார்கள்.

சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்பே தேவையில்லை. கணவனோ மனைவியோ தாமே மொழிபெயர்ப்பது நல்லதன்று. மனுவில் பங்கில்லாதவர் செய்வதே பாதுகாப்பு. அதே சான்றிதழை வேறு அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ அளிப்பதானால், அங்குள்ள விதியைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.