பிக்கப்பில் இரண்டாவது டீசல் டேங்க்: என் அனுபவம்

தொலைதூர ஓட்டத்துக்கு ஒரே டேங்க் பத்தவில்லை. கேபினுக்குப் பின்னால் 150 லிட்டர் அலுமினிய டேங்க் வைத்தேன். டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ, நிரப்பினால் 126 கிலோ. ஏற்றும் பாரத்தில் இதைக் கழித்தே ஆகவேண்டும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது டீசல் மொத்தமாக முன்னால் வந்து மோதும். துத்தநாகம் பூசிய இரும்பு டேங்க் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் டீசலில் கரைந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கெடுக்கும்.

முதலில் மேலிருந்து மெயின் டேங்குக்கு டீசல் தானாக இறங்கும்படி ஹோஸ் போட்டேன். அங்கேதான் வினை. ஒரு நாள் காலையில் வண்டிக்கு அடியில் டீசல் வாடை, மெயின் டேங்க் மூடியோரம் ஈரம். மெயின் டேங்க் நிறைந்ததும் தானாக மூடவேண்டிய, ஹோஸில் இருந்த வால்வைக் கழற்றினால், ரப்பர் வளையத்தில் கடுகளவு வெல்டிங் துணுக்கு! வால்வு மூடாமல் இரவெல்லாம் இறங்கி வழிந்திருக்கிறது. புது டேங்கை மாட்டுமுன் அலசியிருக்க வேண்டும்.

டேங்கை அலசி, 12 வோல்ட் பம்ப் போட்டேன். அதற்கு முன்னால் ஃபில்டர். பம்ப் நின்றபின் டீசல் இறங்காதிருக்க ஒரு சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது); இரண்டும் ஒரே சுவிட்சில், சாவி போட்டால்தான் ஓடும். மெயின் டேங்க் கால்வாசிக்கு வந்த பிறகே தட்டுகிறேன். அதன்பின் ஒரு சொட்டுகூட வழியவில்லை.