கட்டைவிரலுக்குப் புது வண்டியைப் பழக்குவது

போன ஐப்பசியில் ஒரு நாள், புது பைக்கில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோவை ஒண்டிப்புதூர் மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். தூறல், இருட்டுகிற நேரம். லைட்டைப் போட வலது கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினேன். என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அலறியது. அம்மா என் சட்டையை இறுக்கிப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பல வருஷம் ஓட்டிய என் பழைய வண்டியில் அந்த இடத்தில்தான் லைட் சுவிட்ச். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வண்டிகளில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. அந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்படுவது, என்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்ச்.

ஓடும்போது தட்டிவிட்டால் முதலில் கிளட்ச்சைப் பிடியுங்கள். குனிந்து சுவிட்சைத் தேடாதீர்கள், கண் ரோட்டிலேயே இருக்கட்டும். வண்டி உருளும்போதே சிவப்பு சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளி, செல்ஃப் அடியுங்கள். கிளட்ச் பிடிக்காமல் சுவிட்சைத் தள்ளினால் வண்டி வெட்டி இழுக்கும். வேகம் போய்விட்டால் இடது ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். சிக்னலில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் அந்த சுவிட்சைப் பாருங்கள், அப்புறம் சைடு ஸ்டாண்டை; அது இறங்கியிருந்தாலும் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது.

இதைவிட எனக்குப் பயம் இடது லீவர்தான். ஸ்கூட்டரில் அது பின் பிரேக், பைக்கில் கிளட்ச். என் தங்கை தினமும் ஓட்டுவது ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை என் பைக்கை எடுப்பாள். அவசரத்தில் இடது கையை மட்டும் இறுக்கினால் பைக் நிற்காது, என்ஜின் பிடிமானமும் விட்டு அப்படியே உருண்டு போகும். பைக் பழகியவர் ஸ்கூட்டரில் கிளட்ச் நினைப்பில் இழுத்தால் நடுரோட்டில் பிரேக் விழும். கோம்பி பிரேக் உள்ள ஸ்கூட்டரில் அந்த ஒரு லீவரே முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஈர மண்ணில் அது போதும், சறுக்கிவிட.

அதனால் வண்டி மாறும் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே பத்தடி உருட்டி, "இடது பிரேக்" அல்லது "இடது கிளட்ச்" என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் கிளம்புகிறோம்.

புது வண்டி என்றால் சாவி போடாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டில் யாராவது "ஹாரன்", "வலது இண்டிகேட்டர்", "டிம்" என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். யோசிக்காமல் விரல் போகும் வரை விடாதீர்கள். சில மாடல்களில் ஹாரன் மேலே, இண்டிகேட்டர் கீழே இருக்கும். திரும்பும்போது ஹாரன் அடித்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவோம். எனக்கு அம்மாதான் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்கள். மழைக்குக் கையுறை போடுபவர்கள் அதையும் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று பழகுங்கள், தடித்த விரலுக்கு இரண்டு சுவிட்சும் ஒன்றாகத்தான் தெரியும்.