ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம்: வேகக் கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகத்துக்காக வாங்கிய காரில் கியர்பாக்ஸ் சூடேறுகிறது என்று தெரிந்ததும், கடையில் கிடைக்கிற பெரிய ஆயில் கூலர் ஒன்றை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்திவிடுவதே பலருடைய முதல் நடவடிக்கையாக இருக்கிறது. சூடு எங்கே உண்டாகிறது, எந்த இடத்தில் அளக்கப்பட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் செய்யும் அந்தச் செலவு பாதிப் பயனைக்கூடத் தராமல் போகலாம். தேவையின்றி உண்டாகும் சூட்டைக் குறைப்பது முதல் வேலை. எஞ்சிய சூட்டை வெளியேற்றுவது அதற்கு அடுத்த வேலை. இந்த வரிசையை மாற்றிச் செய்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள கியர்பாக்ஸில் ஆயில் ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்றொரு கணக்கு பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இன்றைய செயற்கை ஆயில்கள் பழையவற்றைவிடச் சூட்டைத் தாங்குபவை என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் திசை சரியானது. 120 டிகிரியை ஒட்டிய வெப்பம் நீடித்தால் ஆயில் சிதைந்து வால்வுகளில் பிசின்போலப் படியத் தொடங்கும்; அதையும் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும்; 145 டிகிரி அளவில் கிளட்ச் தட்டுகளே வழுக்கிக் கருகும் நிலை வந்துவிடும்.

இந்த எண்களை நம் காரின் திரையில் தெரியும் எண்ணோடு நேராக ஒப்பிடுவது அடுத்த தவறு. ஆயில் மிகச் சூடாக இருக்கும் இடம் டார்க் கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குச் செல்லும் குழாய். ஆனால் ஸ்கேன் கருவியில் நாம் படிப்பது பெரும்பாலும் அடியிலுள்ள ஆயில் தொட்டியின் வெப்பம். பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களில் உள்ள இசட்.எஃப். நிறுவனத்தின் 8எச்.பி. என்னும் மாடல் கியர்பாக்ஸில்கூட சென்சார் தொட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே அமைந்துள்ளது. திடீரென வேகமெடுக்கும்போது கன்வர்ட்டர் குழாயில் வெப்பம் சட்டென உயர்ந்து, தொட்டியில் அது மெதுவாகவும் தணிந்தும்தான் தெரியும். ஆகவே தொட்டியில் 110 டிகிரி காட்டும்போது கன்வர்ட்டருக்குள் அதே 110 டிகிரிதான் இருக்கிறது என்று நினைப்பது ஆபத்தானது. பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவர்கள் கன்வர்ட்டர் வெளியேற்றக் குழாயில் தனியாக ஒரு சென்சார் பொருத்தி, இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதே நல்லது.

சூடு உண்டாவது வழுக்கலில். கன்வர்ட்டரின் உள்ளே வரும் திறனுக்கும் வெளியேறும் திறனுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. அந்த இரு பக்கங்களையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் முழுமையாகப் பிடித்ததும் அந்த வெப்பம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இதை மறந்து செய்யும் தவறுகளில் கொடியது, ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே மறு காலால் ஆக்சிலரேட்டரை மிதித்து, இன்ஜின் வேகத்தை ஏற்றிப் புறப்படக் காத்திருப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். 2,500 ஆர்.பி.எம். சுழற்சியில் இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தால் அது ஏறக்குறைய 105 கிலோவாட் திறன். சக்கரம் அசையாததால் அவ்வளவும் சூடாகிறது. ஐந்து வினாடிகளில் அது 500 கிலோஜூலைத் தாண்டும். கன்வர்ட்டருக்குள் நான்கு லிட்டர் ஆயில் இருப்பதாகவும் அந்தச் சூட்டில் பாதியை உலோகம் வாங்கிக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து வினாடிகளில் அங்குள்ள ஆயிலின் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் எகிறிவிடும். எவ்வளவு பெரிய கூலரானாலும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, ஏனெனில் ஆயில் அங்கே போய்ச் சேர்வதற்குள் தீங்கு நடந்து முடிந்திருக்கும். இதேபோல் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக் கன்வர்ட்டரைச் சோதிக்கும்போது, பட்டறைக் கையேடுகள் அந்தச் சோதனையை ஐந்து வினாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று எச்சரிப்பதும், இரண்டு சோதனைகளுக்கு இடையே நியூட்ரலில் ஓடவிட்டு ஆறவிடச் சொல்வதும் இதனால்தான்.

மலைச்சாலை ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரால் காரை நிறுத்திப் பிடிப்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறே. அன்றாடம் நகரத்தில் ஓடும் காருக்கு, உயர்ந்த சுழற்சியில் மட்டுமே பிடிக்கும் பந்தயக் கன்வர்ட்டரைப் பொருத்துவது இன்னொரு தவறு. நெரிசலில் நகரும் நேரமெல்லாம் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். நீண்ட ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தவித்தால், கையால் ஒரு கியர் கீழே இறக்கி லாக்-அப் பிடித்தபடியே ஏறுவது எளிய, செலவில்லாத தீர்வு.

இவற்றைச் சரிசெய்த பிறகும் வெப்பம் இறங்காவிட்டால் கூலருக்கு வரலாம். ரேடியேட்டருக்குள் அமைந்த கூலர், இன்ஜின் குளிர்நீரின் வெப்பத்துக்குக் கீழே ஆயிலை ஒருபோதும் இறக்காது. அதைச் சுற்றியுள்ள குளிர்நீர் 100 டிகிரியில் இருந்தால் ஆயிலுக்கும் அதுவே கீழெல்லை. காற்றில் இயங்கும் கூலருக்கு வெளிக்காற்றுக்கும் ஆயிலுக்கும் உள்ள வேறுபாடே பலம். 100 டிகிரி ஆயிலுக்கு, 10 டிகிரி வெப்பமுள்ள ஊரில் 90 டிகிரி வேறுபாடு கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மே மாத நண்பகல் 40 டிகிரியில் 60 மட்டுமே கிடைக்கும். குளிர்நாட்டுக்காரர் ஒருவருடைய பரிந்துரையை அளவு மாற்றாமல் பின்பற்றினால் கூலர் போதாமல் போவதன் காரணம் இதுதான். காற்று நேராகப் பாயும் வழி இல்லாத இடத்திலும், ஏ.சி. கண்டென்சரின் சூடான காற்று மேலே விழும் இடத்திலும் அதைப் பொருத்துவது வீண். உள்துளை குறுகிய குழாய்களையும் வளைந்த இணைப்புகளையும் சேர்த்தால் ஆயில் ஓட்டமே குறைந்து, கூலர் இருந்தும் வெப்பம் ஏறும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. ஆயில் சூடாகும்வரை கூலர் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மிகப் பெரிய கூலரைப் பொருத்தினால், குளிர்காலக் காலைகளில் ஆயில் இயல்பு வெப்பத்தை எட்டவே நேரம் பிடிக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும், உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறாது, பல கியர்பாக்ஸ்கள் ஆயில் சூடாகும்வரை லாக்-அப்பையே அனுமதிக்காது. குளிர்விக்கப் பொருத்தியதே வழுக்கலை நீட்டிப்பதாக முடியும்.

ஆயிலின் அளவைப் பற்றி ஒரு சொல். பத்து லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் விரிவடையும். எனவே அளவைக் குறிப்பிட்ட வெப்பத்தில், இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், இசட்.எஃப். கியர்பாக்ஸ்களில் அது 40 டிகிரியை ஒட்டியது. சூடாக இருக்கும்போது பார்த்துக் குறைவாக நிரப்பினால் வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும். அதிகமாக நிரப்பினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் கிளட்ச்சை அழுத்திப் பிடிக்காது. அங்கிருந்து மீண்டும் வழுக்கலும் சூடும்தான்.

கெட்டியான ஆயில் சூட்டைத் தாங்கும் என்று நம்பி உற்பத்தியாளர் சொல்லாத ஆயிலை ஊற்றவும் கூடாது. கிளட்ச் தட்டுகளின் உராய்வு அந்தந்த ஆயிலின் சேர்மானத்தோடு பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டது. ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனங்கள் சொல்வதையும் வேகக் காருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. தடத்தில் ஓடும் காருக்கு என் கருத்தில் அதில் பாதியே மிக நீண்ட இடைவெளி.

தடத்திலிருந்து வந்ததும் இன்ஜினை அணைக்கக் கூடாது; பம்ப் நின்றால் கூலருக்கு ஆயில் போகாது. கடைசிச் சுற்றை மெதுவாக, லாக்-அப் பிடித்த நிலையில் ஓட்டி முடித்துவிட்டு, சில நிமிடங்கள் ஐடிலில் விட வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை ஆயில் கருகி கியர்பாக்ஸ் பழுதாகியிருந்தால், புதிய கியர்பாக்ஸுக்குப் பழைய கூலரை இணைப்பது அதையும் கெடுக்கும் வழி. அடுக்குத் தகடுக் கூலரின் மெல்லிய இடுக்குகளில் தங்கிய கிளட்ச் துகள்களையும் உலோகப் பொடியையும் எவ்வளவு அலசினாலும் முழுவதும் நீக்க இயலாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து குளிர்நீர் ஆயிலில் கலந்திருந்தால், கிளட்ச் தட்டின் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசையே இளகிவிடும். அந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவதால் பயனில்லை. ரேடியேட்டரை மாற்றி, கியர்பாக்ஸைப் பிரித்துத் தட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும்.